கோவேறு கழுதை போட்டுக் கொடுத்த சைக்கிள் ரூட்

297 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண் பாதை. கார், பைக் எதுக்கும் அனுமதி இல்லை. மூச்சு வாங்க வைக்கிற மேடு கிடையாது. ஒரு பக்கம் பொட்டோமாக் ஆறு, இன்னொரு பக்கம் பழைய கால்வாய், சுத்தி காடும் வயலும். அமெரிக்காவில் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் இருந்து மேரிலாண்ட் மாநிலத்தின் கம்பர்லேண்ட் வரை போகும் 'செசபீக் அண்ட் ஒஹையோ கால்வாய்' டோபாத்தைத்தான் சொல்றேன். சுருக்கமா சி அண்ட் ஓ.

சைக்கிள்காரங்களுக்காகவே டிசைன் பண்ண மாதிரி இருக்கும். ஆனா வேலை ஆரம்பிச்ச 1828-ல் பெடல் வச்ச சைக்கிளே புழக்கத்தில் கிடையாது. அப்போ யாருக்காக இவ்வளவு சமமா ஒரு பாதை?

டோபாத்னா என்ன?

நோ பார்க்கிங்ல நிக்கிற வண்டியை டோ பண்ணிட்டுப் போவாங்களே, அதே 'டோ'தான். இன்ஜின் இல்லாத படகை, கயிறு கட்டி கரையில் நடந்துகிட்டே இழுக்கணும். அதுக்காகக் கால்வாயை ஒட்டியே போட்ட பாதைதான் டோபாத். இங்க இழுத்தது கோவேறு கழுதைகள். ஒரு செட் இழுக்கும்போது இன்னொரு செட் படகிலேயே இருக்கும் லாயத்தில் ரெஸ்ட் எடுக்கும். ஷிஃப்ட் மாதிரி. கழுதைகளை ஓட்டிகிட்டு கரையில் நடந்தது பல நேரம் படகுக்காரரோட பசங்கதான்.

படகுல முக்கியமான லோடு நிலக்கரி, சுமார் 120 டன். ரெண்டு மூணு கழுதை எப்படி 120 டன்னை இழுக்கும்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கிளாஸை ஞாபகப்படுத்திக்கோங்க. தண்ணியில மிதக்கிற பொருளுக்கு ஸ்டாட்டிக் ஃப்ரிக்‌ஷன் இல்லை. இழுவிசை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். அதனால நடக்கிற வேகத்தில் போனா எதிர்ப்பு ரொம்பக் கம்மி. ரோட்டில் ஒரு டன், ரெண்டு டன் இழுக்கவே திணறும் விலங்கு, தண்ணியில இவ்வளவு இழுக்குறதுக்குக் காரணம் இதுதான்.

மேடு எங்க போச்சு?

ஜார்ஜ்டவுனை விட கம்பர்லேண்ட் 605 அடி, அதாவது 184 மீட்டர் உயரம். ஆனா கால்வாய்த் தண்ணி சரிவா நிக்காது. அதனால மொத்த ஏற்றத்தையும் 74 படிக்கட்டா பிரிச்சிட்டாங்க. ஒவ்வொரு படியும் ஒரு 'லாக்': கல்லில் கட்டின ஒரு தொட்டி, ரெண்டு முனையிலும் கதவு. படகு உள்ளே வந்ததும் கீழ்க் கதவை மூடி, மேலே இருக்கும் தண்ணியை உள்ளே விடுவாங்க. தொட்டி நிரம்ப நிரம்பப் படகு சராசரியா 2.5 மீட்டர் மேலே ஏறும். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, எல்லாம் கிராவிட்டி.

டோபாத்தும் அப்படியே. ரெண்டு லாக்குக்கு நடுவில் கிட்டத்தட்ட டெட் லெவல். லாக் வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஏற்றம். 184 மீட்டரை 297 கிலோமீட்டருக்குப் பரப்பினா சராசரி சரிவு 0.06 சதவீதம்தான்.

இது சைக்கிளுக்கு என்ன லாபம்? ஒரு ரஃப் கணக்கு. ஆளும் வண்டியும் சேர்த்து 90 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். 5 சதவீத ஏற்றத்தில், அந்த ஏற்றத்துக்கு மட்டுமே சுமார் 180 வாட் வேணும். சமமான மண் பாதையில் மொத்தமே 60 வாட் பக்கம் போதும். ஜிம் பக்கமே போகாத ஆளும் நாள் முழுக்க மிதிக்கலாம்.

மிதிச்சுட்டுப் போனா

பெரும்பாலானவங்க நாலஞ்சு நாளில் முடிக்கிறாங்க. கம்பர்லேண்டில் கிளம்பினா லேசான இறக்கம் நம்ம பக்கம். வழியில் 11 கல் தொட்டிப்பாலங்கள் உண்டு. நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரிதான், ஆனா இதுல தண்ணியோட படகும் சேர்ந்து போச்சு. மோனோகசி ஆத்து மேல இருக்கும் ஏழு வளைவுப் பாலம்தான் அதுல பெருசு.

ஹைலைட் பா பா சுரங்கம். ஆத்தோட வளைவுகளைச் சுத்திப் போறதுக்குப் பதிலா மலையைக் குடைஞ்சு, அறுபது லட்சம் செங்கலுக்கு மேல வச்சு, 950 மீட்டர் நீளத்துக்குக் கட்டினாங்க. 1836-ல் ஆரம்பிச்ச வேலை முடிய 1850 ஆச்சு. உள்ளே கும்மிருட்டு. டார்ச் அடிச்சுகிட்டு சைக்கிளைத் தள்ளிட்டுத்தான் போகணும்.

எம்.எஸ். படிக்க அந்தப் பக்கம் போற சீனியர்ஸ் கவனத்துக்கு: வழி நெடுக எட்டு, பத்து கிலோமீட்டருக்கு ஒரு கேம்ப் சைட், கூடாரம் போட காசு இல்லை. தங்க ஒரு ராத்திரி மட்டும் அனுமதி. அடிபம்ப் உண்டு, குளிர்காலத்தில் மட்டும் கைப்பிடியைக் கழட்டிடுவாங்க. மழை பெய்தா பாதை சேறாகும், அதனால மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். ஸ்பீடு லிமிட் மணிக்கு 24 கிலோமீட்டர்.

ரோடா மாறியிருக்க வேண்டியது

இந்தக் கால்வாய் பிசினஸா பார்த்தா ஒரு தோல்வி. 1828 ஜூலை 4, இதுக்கு மண் வெட்டின அதே நாளில் பால்டிமோரில் ஒரு ரயில் பாதைக்கும் வேலை ஆரம்பிச்சது. ரயில் 1842-லேயே கம்பர்லேண்ட் போயிடுச்சு. கால்வாய் போய்ச் சேர 1850. பேரில் இருக்கும் ஒஹையோவுக்குப் போகவே இல்லை. 1924 வெள்ளத்தோட படகுகளும் நின்னுபோச்சு.

அதுக்கப்புறம் அது வெறும் 'காலி இடம்'. 1950-களில் அதன் மேல கார் ரோடு போட ஒரு திட்டம் வந்தது, 'வாஷிங்டன் போஸ்ட்' அதை ஆதரிச்சு தலையங்கம் எழுதுச்சு. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் மறுப்புக் கடிதம் எழுதினார், சும்மா இல்லை, சவாலோட: என்கூட முழுப் பாதையும் நடந்து பார்த்துட்டு அப்புறம் எழுதுங்க. 1954 மார்ச்சில் கம்பர்லேண்டில் இருந்து ஒரு பெரிய கும்பல் கிளம்புச்சு. எட்டு நாள் நடந்து முழுத் தூரத்தையும் முடிச்சது ஒன்பது பேர். பத்திரிகை தன் நிலைப்பாட்டை மாத்திக்கிட்டது. 1971-ல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆச்சு.

நம்ம கால்வாய்

சென்னைக்கும் இப்படி ஒரு கால்வாய் உண்டு, பக்கிங்காம் கால்வாய். 1806-லேயே அதோட முதல் பகுதி வந்தாச்சு. 1877-78 பஞ்சத்தில், பசியில் வந்த ஜனங்களை நிவாரண வேலைன்னு மண் வெட்ட வச்சு நீட்டினாங்க. இங்க கயிறு இழுத்தது கழுதை இல்லை, மனுஷன். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்தக் கால்வாயில் போன படகுப் பயணம்தான், கயிறு இழுக்கிற ஆளும் அதுல வர்றார்.

இதுவும் ஒரு கட்டத்தில் 'காலி இடம்' ஆச்சு. பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் தேவைப்பட்டப்போ கால்வாயிலேயே நட்டாங்க. ரயில் தேவைதான், அதை யாரும் குறை சொல்லலை. ஆனா சிவில் பசங்க யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. சர்வே ஷீட்டில் நாம 'பயன்பாட்டில் இல்லை'ன்னு எழுதுற ஒரு வார்த்தைதான், அடுத்து அந்த இடத்துல என்ன வரும்னு முடிவு பண்ணுது. சி அண்ட் ஓ-வும் முப்பது வருஷம் பயன்பாட்டில் இல்லாமதான் கிடந்தது. எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நடந்து பார்த்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த தடவை பறக்கும் ரயிலில் கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் பக்கம் போனா, ஜன்னல் வழியா கீழே பாருங்க. தண்ணி எப்படி இருந்தாலும், லெவல் இன்னும் அதே லெவல்தான்.