நெஞ்சுக்குள்ள யாரோ அடிக்கிற மாதிரி... ஹெவி ராக் கச்சேரி உடம்பை உலுக்குவது எப்படி? காது கொடுக்கும் விலை என்ன?

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம், 2025 ஜூலை 5. வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் சுமார் 40 ஆயிரம் ரசிகர்கள். மேடையில் கருப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார் 76 வயது ஆஸி ஆஸ்பர்ன். பார்க்கின்சன் நோயால் எழுந்து நிற்க முடியாத நிலை. 'பிளாக் சப்பாத்' இசைக்குழுவின் கடைசி நிகழ்ச்சி அது. அடுத்த 17-வது நாளில் அவர் காலமானார்.

அந்தப் பாட்டெல்லாம் போனிலேயே இருக்கு. வீட்ல ஹெட்போன் மாட்டினா கேட்டுடலாம். அப்புறம் எதுக்கு இவ்வளவு பேர் டிக்கெட் எடுத்து, மணிக்கணக்கா நின்னு, காது அடைச்சுப்போய் வீடு திரும்புறாங்க?

துண்டான விரல்களில் பிறந்த சத்தம்

இந்தக் கதை பர்மிங்காமின் ஒரு தகரத் தொழிற்சாலையில் தொடங்குகிறது. பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் துண்டாகின. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்பதால், தந்திகளை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு தந்திகளைத் தளர்த்தி சுருதியையும் இறக்கினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் அந்த இறங்கிய சுருதியைக் கேட்கலாம். விரலுக்கு வலி குறைந்தது, சத்தத்துக்கு கனம் கூடியது. இன்றைக்கு மெட்டல் குழுக்கள் பலவும் சுருதியை இறக்கித்தான் வாசிக்கின்றன.

ஏன் இவ்வளவு சத்தமா வைக்கணும்?

வெறும் பந்தாவுக்காக என்று நினைத்தால், பாதிதான் சரி. லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம், 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விசிலும் இன்னும் சத்தமான ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று கேட்டார்கள். 1965-ல் 100 வாட் மார்ஷல் வந்தது அப்படித்தான்.

அந்தக் கால வால்வ் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு குணம் உண்டு. அதன் சக்திக்கு மேல் தள்ளினால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் புதிய மேல்சுரங்கள் முளைக்கும். அதுதான் நமக்கு 'கரகர'வென்று கேட்கும் டிஸ்டார்ஷன். தந்தியை மீட்டியதும் ஓய வேண்டிய நாதம் ஓயாமல் நீள்வதும் இதனால்தான். ஆனால் 100 வாட் பெட்டியை அந்த எல்லைக்குத் தள்ள வேண்டும் என்றால், சத்தத்தை ரொம்பவே ஏற்றியாக வேண்டும். அதாவது, அந்தத் தொனி வேண்டும் என்றால் அந்தச் சத்தமும் சேர்ந்தேதான் வரும்.

அது காதுக்கு. நெஞ்சில் விழும் அடி டிரம்ஸின் கிக்கிலிருந்தும் பேஸ் கிட்டாரிலிருந்தும் வருகிறது. தாழ்ந்த அதிர்வெண்களைத் தோலும் மார்புக்கூடும்கூட உணரும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ராக் இல்லை, ஒரு மின்னிசை நிகழ்ச்சி. காதுக்குத் தெளிவாகக் கேட்காத மிகத் தாழ்ந்த ஒலியை இடையிடையே போட்டு நிறுத்தினார்கள். அந்த ஒலி ஓடிய நேரங்களில் ரசிகர்களின் ஆட்டம் சுமார் 12% கூடியதாக 2022-ல் அறிவித்தார்கள். ஹெட்போன் தோற்பது இந்த இடத்தில்தான்!

கூட்டத்துக்கும் ஒரு கணக்கு

மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் மோதிக்கொண்டு ஆடுவதை 'மாஷ் பிட்' என்பார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வீடியோக்களை அலசி, உள்ளே இருப்பவர்களின் வேகம் வாயு மூலக்கூறுகளின் வேகப் பரவலைப் போலவே இருப்பதாக 2013-ல் எழுதினார்கள். படிக்க சுவாரஸ்யம்தான். ஆனால் கூட்டம் நெருக்கத் தொடங்கினால் விளையாட்டு இல்லை. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில், 'பேர்ல் ஜாம்' வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசை நெரிசலில் 9 இளைஞர்கள் உயிரிழந்தார்கள். குழுவினர் நிகழ்ச்சியை நிறுத்தி, பின்னால் நகரச் சொல்லிக் கெஞ்சியும் காப்பாற்ற முடியவில்லை. அதன்பிறகு அங்கே மேடை முன்பகுதியைத் தடுப்புகளால் பிரித்து, ஆட்களை எண்ணி விடுகிறார்கள்.

யார் சத்தம் பெருசு?

1970-களில் இது ஒரு போட்டியாகவே நடந்தது. லண்டன் ரெயின்போ அரங்கில் 'டீப் பர்ப்பிள்' 117 டெசிபல், 1976-ல் சார்ல்டன் மைதானத்தில் 'தி ஹூ' 126 டெசிபல் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. காதைக் கெடுப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்று பிற்பாடு கின்னஸே அந்தப் பிரிவைக் கைவிட்டது.

டெசிபல் கணக்கு நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், 88-ல் 4 மணி நேரம்தான். 100-ஐத் தொட்டால் வெறும் 15 நிமிஷம். கச்சேரியோ இரண்டு மணி நேரம்! உள்காதில் பிறக்கும்போது சுமார் 15 ஆயிரம் மயிர்ச்செல்கள் இருக்கும். செத்தால் மறுபடி முளைக்காது.

டவுன்ஷெண்டுக்கு காதில் ஓயாத இரைச்சல் வந்தது. மேடையைவிட ஸ்டூடியோ ஹெட்போனே அதிகம் கெடுத்தது என்பது அவர் வாதம். 'ஏசி/டிசி' பாடகர் பிரையன் ஜான்சனிடம், தொடர்ந்து பாடினால் கேட்கும் திறனை முழுசா இழப்பீர்கள் என்று 2016-ல் மருத்துவர்கள் சொல்ல, பயணத்தின் பாதியிலேயே விலகினார். காருக்குள் இயர்பிளக் போடாமல் பந்தயம் ஓட்டியதும் ஒரு காரணம் என்று அவரே சொன்னார். 2023-ல்தான் 'ஏசி/டிசி' குழுவுடன் மீண்டும் மேடை ஏறினார்.

அப்போ போகவே கூடாதா?

போகலாம். பொழுதுபோக்கு இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறை கொடுத்தது. ஆனால் அரங்கை நம்பி சும்மா போகாதீங்க. ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நிற்கலாம், நடுநடுவே வெளியே வரலாம். பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. சாதாரண ஃபோம் அடைப்பான் காதைக் காக்கும், ஆனால் மேல்சுரங்களை அதிகம் விழுங்கி இசையை மந்தமாக்கும். இசைக் கலைஞர்களுக்கென வரும் இயர்பிளக் எல்லா சுரத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும். நெஞ்சில் விழும் அந்த அடியை எந்த இயர்பிளக்கும் தடுக்காது, அது காது வழியாக மட்டும் வருவதில்லையே.