கண்வலிக்கிழங்கும் இதய மருந்தும்

தமிழக அரசின் மலராகிய செங்காந்தளைப் பாடநூற் படத்தில் மட்டுமே கண்டவர்கள், கார்த்திகை மாதத்தில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஒரு காலைப்பொழுது சென்று பார்ப்பார்களாக. கம்பிப் பந்தலின்மேல் மஞ்சளும் சிவப்புமாய் அம்மலர் சுடர்விட்டு நிற்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் முதலாவது இதுவே. உழவர்களுக்கோ இது கண்வலிக்கிழங்கு. கிழங்கின் வடிவத்தால் கலப்பைக்கிழங்கு என்பாரும் உளர்.

இது பயிரிடப்படுவது பூவுக்காக அன்று, விதைக்காக. அவ்விதையை அடைவது எளிதன்று. இம்மலரின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்பதால், மகரந்தம் தானே சூல்முடியில் சேர்வது அரிது. ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில், வெயில் ஏறுமுன், ஆண்களும் பெண்களும் பூப்பூவாகக் கையினால் மகரந்தம் தொட்டு வைக்கின்றனர். தையிலும் மாசியிலும் காய் பறித்து, விதையெடுத்து உலர்த்துவர். இத்தனை உழைப்புக்கும் விலை நிலையாக இல்லை. அரசே ஆதார விலை அறிவிக்கவேண்டும் என்று உழவர்கள் கேட்டுவருவது நியாயமென்றே எனக்குத் தோன்றுகிறது.

விதையில் உள்ள மருந்துப்பொருளின் பெயர் கோல்சிசின். யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரல் வீங்கி நோகும் வாதநோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவருவது; இதயத்தைச் சூழ்ந்த உறையின் அழற்சிக்கும் மருத்துவர்கள் கொடுக்கின்றனர். இது இதயத்துடிப்பை வலுவாக்கும் மருந்தன்று. வெள்ளணுக்களின் நடமாட்டத்தைத் தடுத்து, இரத்தக்குழாய்ச் சுவரின் அழற்சியைத் தணிப்பதே இதன் வேலை. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நாள்பட்ட இதயநோயாளர் 5,522 பேரைக் கண்காணித்தனர். நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் உட்கொண்டவர்களிடையே மாரடைப்பு முதலிய இடர்கள் 31 விழுக்காடு குறைந்தன. 2023 ஜூனில் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆயினும் மாரடைப்பு வந்த உடனே தொடங்கிய 7,000-க்கு மேற்பட்டோரிடம் பயன் தெரியவில்லை என்று 2024-இல் வந்த மற்றோர் ஆய்வு கூறிற்று. எனவே எல்லா இதயநோயாளருக்கும் உரிய மருந்து என எண்ணிவிடலாகாது.

அரை மில்லிகிராம் என்றோமே, ஒரு கிராம் கோல்சிசினில் அத்தகைய மாத்திரைகள் 2,000 செய்யலாம்! அவ்வளவு நுண்ணிய அளவைக் கடந்தால் இது கொடிய நஞ்சு. இதயத்துக்கு நல்லதென்று விதையை மெல்லுவதும் கிழங்கை அரைத்துக் குடிப்பதும் உயிரைப் போக்கிவிடும். மாத்திரையாயினும், சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு ஆபத்தானது. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோடு சேர்ந்தாலும் அவ்வாறே.

விதைக்கிழங்கை வீட்டில் சேமிக்கும் குடும்பத்தார் அதனைச் சமையலறையிலோ, உண்ணும் கிழங்குகளோடோ வைக்கலாகாது. பூட்டி வைப்பதே முறை. மனமுடைந்தோர் இதனைத் தேடிய துயரமும் நம் பகுதி அறியாததன்று. யாரேனும் உண்டுவிட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். இந்நஞ்சுக்கு முறிமருந்து கைவசம் இல்லை. ஆகவே, ஒன்றும் ஆகவில்லையே என்று காத்திராமல், எஞ்சிய கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள்.