கை தானாகப் போகும் இடம்

ஆசையாகக் கேக் செய்கிறவர்கள், ரவிக்கையில் ஆரி வேலை செய்கிறவர்கள் எல்லோர் காதிலும் ஒருநாள் இது விழுந்துவிடும்: “இவ்வளவு அழகா பண்றீங்களே, ஆர்டர் எடுக்கலாமே?” உடனே முதலீடு, வாடகை, லாபம் என்று கணக்குப் போட உட்காருகிறோம். அந்தத் தாளில் ஏறாத இன்னொரு கணக்கை மூளை தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள்!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் செய்த ஆய்வு 1973-இல் வெளியானது. வண்ணப் பேனாவைக் கண்டாலே ஓடிவந்து வரையும் குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், “படம் வரைந்தால் இது கிடைக்கும்” என்று தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழைக் காட்டினார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை.

ஓரிரு வாரம் கழித்து வகுப்பறை மேசையில் மறுபடி பேனாக்களைப் பரப்பிவிட்டு, மறைவாக நின்று கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் அந்த மேசையில் செலவிட்ட நேரம் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசையோ துளியும் குறையவில்லை. இரு கூட்டத்தாருக்கும் கிடைத்தது ஒரே அட்டை. ஆசையைக் கரைத்தது ‘இதைச் செய்தால் அது கிடைக்கும்’ என்ற ஒப்பந்தம். உளவியலில் இதற்கு ‘மிகை நியாயப்படுத்தல் விளைவு’ என்று பெயர்: பிடித்துச் செய்கிற காரியத்துக்கு வெளியிலிருந்து இன்னொரு காரணம் வந்து சேர்ந்தால், ‘அதற்காகத்தானே செய்கிறேன்’ என்று மனம் கணக்கை மாற்றி எழுதிவிடுவது.

அந்த மாற்றத்தை மூளையிலேயே பார்த்தது ஆய்வாளர் கோ முராயமாவின் குழு, 2010-இல். விளையாட்டு மிக எளிது: ஸ்டாப்வாட்சைச் சரியாக 5 நொடியில் நிறுத்த வேண்டும். முன்பின் 0.05 நொடிதான் சலுகை. கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூடக் கிடையாது. சிலருக்கு ஜெயித்தால் காசு; மற்றவர்கள் சும்மா விளையாடினார்கள். ஜெயித்தபோதெல்லாம் ஸ்ட்ரையாட்டம் என்ற, பரிசைக் கண்டு துடிக்கும் மூளைப்பகுதி துடித்தது. பிறகு ஒரு சுற்று எல்லோருக்கும் காசில்லாமல் நடந்தது. முதலிலிருந்தே சும்மா விளையாடியவர்களுக்கு அந்தத் துடிப்பு அப்படியே இருந்தது. முன்பு காசு வாங்கியவர்களுக்கு வெகுவாக அடங்கிவிட்டது. அதே கடிகாரம், அதே வெற்றி!

அப்படியானால் பிடித்ததைத் தொழிலாக்கவே கூடாதா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆய்வாளர் தெரசா அமபிலி குழுவின் ஆய்வு ஒன்று நுட்பமான விடை தருகிறது. 23 ஓவியர்களிடம், பிறர் கேட்டு வரைந்தவை பத்து, தாமாக வரைந்தவை பத்து என்று வாங்கி, எது எந்த வகை என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் காட்டினார்கள். கைத்திறனில் வேறுபாடு தெரியவில்லை. புதுமையில் ஆர்டர் படங்கள் பின்தங்கின. ஆனால் வாடிக்கையாளர் தன் கையைக் கட்டிப்போடவில்லை, தனக்குப் பிடித்ததைச் செய்ய வழிவிட்டார் என்று ஓவியர் உணர்ந்த இடங்களில் ஆர்டர் படங்களும் புதுமையில் நல்ல மதிப்பெண் வாங்கின. பணத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எதை, எப்படி, எப்போது செய்வது என்ற முடிவு யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த முடிவு கையில் இருக்க வேண்டுமானால், பிடிக்காத ஆர்டரை மறுக்க முடிய வேண்டும். மாதச் சம்பளம் வரும்போது அது எளிது. வேலையில் இருந்தபடியே தொடங்கிப் பிறகு முழுநேரத் தொழிலுக்கு மாறியவர்கள் தோற்கும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட 33 சதவீதம் குறைவு என்று ஆய்வாளர்கள் ஜோசப் ராஃபி, ஜியே ஃபெங் இருவரும் 2014-இல் காட்டியிருக்கிறார்கள்.

ஆறு மாதம் ஆர்டர் எடுத்துப் பாருங்கள். பிறகு வேலை ஏதுமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊசியையோ கேக் டின்னையோ கண்ணில் படும்படி மேசையில் வைத்துவிட்டு, கை தானாக அங்கே போகிறதா என்று கவனியுங்கள். வேலையை விடுவதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.