சாத்தியும் சாத்தாத கதவு

காரில் ஏறுபவர்களுள் இரு வகையினர் உண்டு. கதவுக்கு வலிக்குமோ என்று மெல்லச் சாத்துபவர் ஒரு வகை. வண்டியே அதிர அறைந்து சாத்துபவர் மற்றொரு வகை. முன்னவரின் கதவு பாதியில் நின்றுவிடுகிறது. பின்னவரின் கதவோ நாளடைவில் பழுதாகிப் பாதியில் நிற்கத் தொடங்குகிறது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதன் காரணங்களை எளிமையாக விளக்க முயல்கிறேன்.

இரண்டு ‘டக்’குகள்

கதவைச் சாத்தும்போது உற்றுக் கேட்டால் இரண்டு ஒலிகள் கேட்கும். கதவின் விளிம்பிலுள்ள பூட்டில் கவை போன்ற ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. கதவு நிலையில் பொருத்திய இரும்பு வளையம் அதனுள் புகுந்ததும், கவை சுழன்று வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. அது திரும்பிவிடாதபடி ஒரு சிறு நாக்கு தடுக்கிறது. நாக்கு முதற்பல்லில் விழுந்தால் அரைப்பூட்டு. இரண்டாம் பல்லில் விழுந்தால் முழுப்பூட்டு.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 206ஆம் எண் பாதுகாப்பு விதியைப் பாருங்கள். வண்டியின் நீளவாக்கில் இழுக்கும்போது முழுப்பூட்டு சுமார் 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். அரைப்பூட்டு சுமார் 4,500 நியூட்டன் தாங்கினால் போதும். ஏறத்தாழ 1,120 கிலோ எடை எங்கே, 460 கிலோ எங்கே! விபத்தில் கதவு திறந்து வெளியே தூக்கி எறியப்படுபவர் பிழைப்பது அரிது என்பதை நினைத்தால், அந்த இரண்டாவது ‘டக்’கின் அருமை விளங்கும்.

தடுப்பது எது?

முதல் தடை காற்று. கண்ணாடிகளெல்லாம் ஏற்றியிருக்கையில், கதவு ஒரு பெரிய விசிறிபோலக் காற்றை உள்ளே தள்ளுகிறது. உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே கூடினாலும், ஒரு சதுர மீட்டர் கதவை அது சுமார் 10 கிலோ எடையளவு விசையுடன் எதிர்க்கும். வோக்ஸ்வாகன் பீட்டில் கார் இதற்குப் பேர்போனது. ஒரு கண்ணாடியைச் சற்று இறக்கினால்தான் கதவு எளிதில் சாத்தும். இன்றைய கார்களின் பின்புறத்தில் காற்று வெளியேற வழி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை. புதியதாக இருக்கும்போது விறைப்பாக எதிர்க்கும். இடம் பெயர்ந்து மடிந்தாலும் அப்படியே.

மூன்றாவது, கீலின் தேய்மானம். எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு பழைய காரின் கதவு எவ்வளவு ஓங்கி அடித்தும் அரைப்பூட்டிலேயே நின்றதைக் கண்டேன். மெக்கானிக் கதவின் முனையைக் கையால் தூக்கிப் பார்த்தார். மேலும் கீழும் ஆடியது. கதவு தொங்கி வளையத்தின் மேல் உராய்ந்ததால், அதன் மேற்புறம் தேய்ந்து பளபளத்தது. கீலின் ஆணியையும் புஷ்ஷையும் மாற்றியபின், இலேசாகத் தள்ளியதுமே முழுப்பூட்டு விழுந்தது.

சாத்தும் முறை

கதவை ஓர் அடி அளவு திறந்து வைத்து, கீலிலிருந்து விலகிய விளிம்பருகே கை வைத்து ஒரே சீராகத் தள்ளுங்கள். கீலிலிருந்து தூரம் கூடக் கூடத் திருப்புதிறன் கூடும். வேகத்தை இருமடங்காக்கினால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். அது பூட்டையும் கண்ணாடியையும் கெடுக்கும். குழந்தைகளின் விரல் இடுக்கில் இல்லை என்பதை முதலில் பாருங்கள். அரைப்பூட்டு விழுந்திருந்தால், வண்டியை நிறுத்தி, கதவை நன்கு திறந்து மீண்டும் சாத்துங்கள். ஓடும் வண்டியில் அதைச் சரிசெய்ய முயல்வது ஆபத்து.

வலிமையால் ஆகாதது முறையால் ஆகும். இரண்டாவது ‘டக்’கைக் கேட்ட பிறகே பயணத்தைத் தொடங்குவோம்.