தபாலில் வந்த சிடி, கைமாறிப் போன பென்டிரைவ்

2006-ஆம் ஆண்டு திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே உபுண்டு 6.06 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சிடிகள். முகவரி கொடுத்துப் பல வாரம் காத்திருந்ததற்குப் பலன். ஒரு பைசா செலவில்லை. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 2011 வரை இப்படி உலகெங்கும் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தது.

மடிக்கணினிக்கு எந்தத் திறமூல இயங்குதளம் நல்லது என்ற கேள்விக்கு அன்று விடை எளிது. எந்த சிடி கைக்குக் கிடைத்ததோ, அதுதான். 1993-இல் தொடங்கிய டெபியனும், 2003-இல் வந்த ஃபெடோராவும் இருக்கத்தான் செய்தன. ஆனால் டயல்-அப் இணைப்பில் நொடிக்கு 5 கேபி வந்தால், 700 எம்பி சிடி ஒன்றை இறக்க ஏறத்தாழ 40 மணி நேரம். அதனால் தபாலில் வந்ததும், கணினிப் பத்திரிகையோடு வந்ததும், நண்பர்கள் எழுதிக் கொடுத்ததும்தான் எங்கள் தேர்வுகள்.

சிடி கிடைத்தால் மட்டும் போதாது, மடிக்கணினியும் அதை ஏற்க வேண்டும். என் மடிக்கணினியில் திரை வந்தது, ஒலி வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. அதன் வைஃபை சில்லை உருவாக்கியவர்கள் லினக்ஸுக்கு டிரைவர் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதுவதற்கான விவரங்களையும் வெளியிடவில்லை. இருந்த ஒரே வழி என்டிஸ்ராப்பர். விண்டோஸுக்காக எழுதிய டிரைவரையே லினக்ஸில் ஓட வைக்கும் நிரல் அது. அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அது வேண்டும்.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இறக்கி வந்தேன். நிறுவும்போது இன்னொரு கோப்பு இல்லை என்றது. மறுபடி போனேன். மூன்றாவது நடையில் எல்லாம் சேர்ந்தது. இரவு பதினொரு மணிக்கு, விசைப்பலகைக்கு மேலே இருந்த சிறு நீல விளக்கு எரிந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அந்த விளக்கு எரிந்ததே அன்று எனக்குப் பெரிய வெற்றி.

தமிழும் அப்படித்தான். சில நிரல்களில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். படிக்க முடியும், ஆனால் யாருக்கும் காட்ட முடியாது.

இன்று அந்தத் தடைகளில் பெரும்பாலானவை இல்லை. வைஃபை சில்லுகள் பலவற்றுக்கான டிரைவர்கள் லினக்ஸ் கருவிலேயே (கெர்னல்) சேர்ந்துவிட்டன. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் கறாரான டெபியன்கூட 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, வன்பொருள் இயங்கத் தேவையான கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவும் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வெளியானது. கொள்கைப் பிடிப்புள்ளவர்களுக்கு வருத்தம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் முதல் நாளே வைஃபை வராமல் பழைய இடத்துக்கே திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முடிவு சரியானது என்றே நம்புகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கிய, நன்றாக ஓடுகிற மடிக்கணினிகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அண்ணன் மகளிடம் இருப்பது அப்படி ஒன்று: ஆறாம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ராம்.

“சித்தப்பா, லினக்ஸ்ல எது நல்லது?” என்று கேட்டாள்.

“நீ அதுல என்ன பண்ணப் போற, சொல்லு” என்றேன்.

இன்று அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். புத்தம்புது மடிக்கணினி என்றால், புதிய லினக்ஸ் கருவோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஃபெடோரா பொருந்தும். அடிக்கடி மாற்றம் வேண்டாம் என்றால் டெபியன், அல்லது ஐந்தாண்டு ஆதரவுள்ள உபுண்டு எல்டிஎஸ். விண்டோஸிலிருந்து வருபவருக்கு லினக்ஸ் மின்ட் பழகின வீடு மாதிரி இருக்கும். ராம் குறைவு என்றால் எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழல். டேலி மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பிப் பிழைப்பவர் என்றால் விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

வென்டாய் என்ற நிரலால் ஒரே பென்டிரைவில் மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றையும் போட்டுக் கொடுத்தேன். முதலில் அவளுடைய படங்களையும் பாடக் கோப்புகளையும் வெளி வட்டில் நகலெடுத்தோம். பிறகு ஒவ்வொன்றையும் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடவிட்டாள். வைஃபை வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்கிறதா, ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டாள். கடைசிக் கட்டம் தமிழ். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து ‘கெண்டை’ என்று தட்டினாள். கொம்பு சரியான இடத்தில் நின்றது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். நான்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் டெபியன் ஆள். அவள் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தெடுத்தாள். “காலேஜ் லேப்ல உபுண்டு. மின்ட்டும் அதுலேருந்து வந்ததுதானே? சந்தேகம்னா பக்கத்துல இருக்கறவங்களையே கேட்டுக்கலாம்” என்றாள். இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒன்றை வாங்கிய பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இயங்குதளம் கையில் இருந்தது, காட்டிக் கொடுக்க ஆள் இல்லை. 2006-இல் எனக்கு வைஃபை ஓடியதும், எந்த நிரலைத் தேட வேண்டும் என்று ஒரு சீனியர் சொன்னதால்தான்.

அன்று, இயந்திரம் எதை ஏற்கும் என்று பார்த்தோம். இன்று, இருப்பதில் எது நமக்கு ஏற்றது என்று பார்க்கிறோம். பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

போன வாரம் பென்டிரைவைத் திருப்பிக் கேட்டேன். தோழியின் மடிக்கணினிக்கு மின்ட் போட எடுத்துப் போயிருக்கிறாளாம், அங்கிருந்து அது இன்னொருத்தியிடம் போய்விட்டதாம். தபாலில் வந்த என் சிடிகளும் இப்படித்தான் போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வேறொன்று வாங்கிக்கொண்டேன்.