இரண்டு வரைபடங்களின் விளிம்பில்

நடு அந்தமானில் மாயாபந்தரை அடுத்து வெபி என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே வீட்டு மொழி கரேன். காட்டு வேலைக்காக 1925-இல் பர்மாவிலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் அந்த ஊர்க்காரர்கள். தீவில் வேறு இடங்களில் 'ராஞ்சிக்காரர்' குடியிருப்புகள் உண்டு. மரம் வெட்டவும் சாலை போடவும் 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட முண்டா, ஒராவன், காரியா பழங்குடியினரின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகளுக்கெனத் தனி ஊர்கள். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் மலையாளமும். எல்லாருக்கும் பொதுவாக ஓர் இந்தி. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் முழுவதுமே 3.8 லட்சம் பேர்தான். நம் திருநெல்வேலி மாநகரில்கூட அதைவிட அதிகம் பேர்.

இந்தப் பேச்சுகளை மொழியியலாளர்கள் குடும்பவாரியாகப் பிரிக்கும்போதுதான் வியப்பு தொடங்குகிறது. கரேன், சீன-திபெத்தியக் குடும்பம். வங்காளமும் இந்தியும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். தமிழும் தெலுங்கும் மலையாளமும் திராவிடம். ஒராவன் மக்களின் குருக் மொழியும் திராவிடமே. நிகோபாரி மொழிகள் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். வியட்நாமியமும் கம்போடியாவின் கெமரும் அதே குடும்பம். முண்டாக்களின் முண்டாரியும் அதன் இன்னொரு கிளை. ஜாராவா, ஓங்கே, பெரு அந்தமானிய மொழிகளுக்கோ உலகில் வேறெங்கும் உறுதியான உறவு கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆக, குறைந்தது ஐந்து குடும்பங்கள். ஐரோப்பாவின் பெரிய நாடுகள் பலவற்றின் பூர்வீக மொழிகளில்கூட இத்தனை வகை இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன உறவினர்கள் பிரிட்டிஷ் வனத்துறையின் ஆள்தேவையால் இங்கே மறுபடி ஒரே ஆட்சிப்பகுதிக்குள் வந்து சேர்ந்ததும் நடந்திருக்கிறது. முண்டாரிக்கு நிகோபாரி உறவு. குருக்குக்குத் தமிழ் உறவு. இந்த உறவு பேசுபவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

இவற்றில் பெரு அந்தமானியத்தின் அமைப்பு தனித்தது. மொழியியலாளர் அன்விதா அப்பி கடைசிப் பேச்சாளர்களுடன் பல ஆண்டுகள் உழைத்து அதன் இலக்கணத்தை எழுதினார். மனித உடலை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டை வைத்து, அதைக் கொண்டே அந்த மொழி உலகைப் பேசுகிறது என்று அவர் காட்டினார். உடலுக்குள் கசியும் இரத்தத்துக்கு ஒரு முன்னொட்டு, விரல் நுனியில் வழியும் இரத்தத்துக்கு வேறொன்று. உடலைக் குறிக்கும் சொற்களோடு இது நின்றுவிடுவதில்லை; செயல்களும் பண்புகளும்கூட இந்த ஏழு பகுதிகளின் வழியே வகைப்படுகின்றன. இந்தக் குடும்பத்தில் 'போ' மொழியைப் பேசிய கடைசிப் பெண்மணி போவா 2010 ஜனவரியில் மறைந்தார்.

இத்தனை பேரும் இங்கே வந்து சேரக் காரணம் என்ன? முதல் விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. மியன்மாரின் அரக்கான் மலைத்தொடர் தெற்கே கடலுக்குள் இறங்கி, அந்தமானாகவும் நிகோபாராகவும் தலைகாட்டி, சுமத்ராவை நோக்கி நீள்கிறது. இந்தியத் தட்டு கிழக்கே சரிந்து அடியில் செருகுவதால் மடிந்தெழுந்த வரிசை இது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை எழுப்பியதும் இதே தட்டுச் சரிவுதான். வடகோடித் தீவிலிருந்து மியன்மாரின் கோகோ தீவுகள் சுமார் 40 கி.மீ. தென்கோடியான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா 200 கி.மீட்டருக்குள். 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த தலைநகர் ஸ்ரீ விஜய புரத்திலிருந்து சென்னையோ ஏறத்தாழ 1,360 கி.மீ.

இரண்டாவது விடை கடல் வழி. வங்கக் கடலைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் நுழையும் கப்பல் நிகோபாரைத் தொட்டோ பார்த்தோதான் போகும். 673 வாக்கில் கடாரத்திலிருந்து (இன்றைய மலேசியாவின் கெடா) வங்கத்துக்குக் கப்பலில் வந்த சீனத் துறவி இட்சிங், வழியில் ஒரு தீவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆடையணியாத மக்கள் படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்தார்களாம். பதிலுக்கு அவர்கள் கேட்டது இரும்பு. அது நிகோபார் என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு. ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டு வாக்கிலான கடற்படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கடாரத்தோடு மாநக்கவாரமும், அதாவது நிகோபாரும், பட்டியலில் வருகிறது. 1755-இல் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட டேனிஷ்காரர்கள் மறு ஆண்டு நிகோபாரைத் தங்களுடையதென்று அறிவித்தார்கள். காய்ச்சல் அவர்களைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. 1868-இல் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். 1858-இல் அந்தமான் தண்டனைக் குடியேற்றம், 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி என்று பட்டியல் நீள்கிறது.

இவ்வளவையும் ஒருவர் படிக்க வேண்டுமானால் எந்தத் துறையில் சேர்வது? சிக்கல் இங்கேதான். 'தென்கிழக்கு ஆசியா' என்ற பெயர் அரசியல் புழக்கத்தில் நிலைபெற ஒரு முக்கியக் காரணம், நேச நாடுகள் 1943-இல் மவுண்ட்பேட்டன் தலைமையில் அமைத்த தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம். 1944-இல் அது கண்டிக்கு மாறியது. போர் முடிந்த பின் பல்கலைக்கழகங்கள் தெற்காசியா ஒரு துறை, தென்கிழக்கு ஆசியா வேறு துறை என்று பிரித்துக்கொண்டன. மொழிப் பயிற்சியும் நிதியும் ஆய்விதழ்களும் அந்தப் பிரிவின்படியே வளர்ந்தன. இந்தியாவைப் படிப்பவருக்குக் கெமர் தெரிய அவசியமில்லை. கம்போடியாவைப் படிப்பவருக்கு முண்டாரி தேவையில்லை. நிகோபாரைப் படிப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

கார் நிகோபாரின் ஜான் ரிச்சர்ட்சனை எடுத்துக்கொள்வோம். படித்தது பர்மாவின் மாண்டலேயில். திரும்பி வந்து பள்ளி நடத்தினார். புதிய ஏற்பாட்டை நிகோபாரியில் மொழிபெயர்த்தார். ஜப்பானியர் காலத்துக் கொடுமைகளைத் தாண்டிப் பிழைத்தார். 1950-இல் ஆயர் ஆனார். சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராக 1952-இல் அமர்ந்தவரும் அவரே. பர்மாவின் திருச்சபை வரலாற்றை விட்டுவிட்டால் இந்திய நாடாளுமன்றத்தின் இந்த ஓர் இருக்கைகூடப் புரியாது.

இது பழங்கதை மட்டுமல்ல. பெரிய நிகோபாரின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குமாற்றுத் துறைமுகம் கட்ட 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. காரணம், மலாக்காவுக்குப் போகும் அதே பழைய கடல் வழி. அந்தத் தீவின் காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கில் 229 பேர். துறைமுகத்தின் லாபத்தைக் கணக்கிடுபவர்கள் சிங்கப்பூரையும் கொழும்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஷோம்பென் மக்களுக்கு என்ன நேரும் என்று கணிக்கவும் அதே அகலமான பார்வை வேண்டும்.

அதற்கான ஆவணங்கள் கோபன்ஹேகனிலும் லண்டனிலும் கொல்கத்தாவிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் கல்வெட்டு இருப்பது தஞ்சையில்; டேனிஷ் கோட்டை நிற்பது தரங்கம்பாடியில். இரண்டுக்கும் நடுவே பேருந்தில் சில மணி நேரம்தான். தென்கிழக்கு ஆசியாவைப் படிக்க விரும்பும் தமிழ் மாணவர் விமானம் ஏறுவதற்கு முன் அந்தப் பேருந்தில் ஏறலாம்.