பொம்மைப் படையும் தளராத தூரிகையும்

மேசைமீது போர் நடத்தும் விளையாட்டு மேனாட்டில் நெடுநாளாக உண்டு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-ஆம் ஆண்டில் அதற்கு விதிகள் வகுத்து, ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். அக்காலத்துப் பொம்மை வீரர்கள் வண்ணம் பூசப்பெற்றே கடைக்கு வந்தனர். இன்றோ, பெரும்பாலும் ஆடுவோரே வண்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும். ஓர் உருவத்தின் உயரம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். ஒரு படைக்கு நூறு உருவங்களும் தேவைப்படலாம்.

ஆகவே, முதற்பகை எதிரிப் படையன்று, சலிப்பே. நூறையும் ஒருங்கே பரப்பினால் முடிவு கண்ணுக்கு எட்டாது. முடிவு தெரியாத வேலையில் மனம் ஊன்றுவதில்லை. எனவே, கைதேர்ந்தவர்கள் ஐந்தைந்தாக எடுத்துக்கொள்வர். ஐந்துக்கும் ஒரே நிறத்தைப் பூசிய பின்னரே அடுத்த நிறத்தைத் தொடுவர். ஐந்தாவதை முடிப்பதற்குள் முதலாவது உலரத் தொடங்குவதால் காத்திருப்பு குறைகிறது. நீர்த்த கருவண்ணத்தை மேலே படர விட்டால், அது ஆடை மடிப்புகளில் தங்கி நிழலாகிவிடும். கண்ணிமை வரையும் நுணுக்கம் படைத்தலைவனுக்குப் போதும். மற்றவர்களை இரண்டு முழத் தொலைவிலிருந்தே காண்கிறோம்.

முடிந்த ஐவரை உடனே களத்தில் இறக்கி ஆடிவிடுவது நலம். ஆடிய ஐவரே அடுத்த ஐவரைக் கேட்பர்.